பழைய ஊர்தியும் உள்ளுறை உப்பும்

பயன்கொள்ளப்படும் பொருள் எதுவும் தேய்தல் இயல்பு. அத்தேய்வு இருவகைப்படும். ஒன்று, உழைப்பினாற் புறத்தே தோன்றுவது. மற்றொன்று, காற்றும் நீரும் கொணர்ந்து சேர்க்கும் ஒன்று உள்ளே தங்கிக் கண்ணுக்குப் புலனாகாமல் அரிப்பது. முன்னது கண்டவுடன் கவலை தரும். பின்னது கவலை தாராமையினாலேயே பெருங்கேடு விளைக்கும். இவ்விரண்டையும் பகுத்துணராது புறத்தேய்வை மட்டும் மறைத்துவிடுவோர் பொருளைக் காத்தவர் ஆகார். இக்கருத்தை நூல்வழி நின்று விளக்குதல் எளிது. ஈண்டு, மரக்காணத்து உப்பங்கரையில் ஒரு பழைய மோட்டார் வண்டியின் உள்ளிடத்தை எம் கையாலேயே செப்பஞ் செய்த வரலாற்றால் அதனை விளக்கப் புகுகின்றேன். இப்பொருள் இத்தாளுக்கு ஏற்குமோ என ஐயுறும் அன்பர், முற்றும் படித்தபின் முடிவு செய்வாராக.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளை உடைய பூமீசுவரர் திருக்கோயில் இவ்வூரின் பழமைக்குச் சான்று. ஊரை அடுத்துக் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும், அதனைச் சார்ந்து கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளங்களும் விளங்குகின்றன. வடகீழ்ப் பருவமழை நின்றபின் தைத் திங்களிற் பாத்தி திருத்தத் தொடங்குவர். நீர் வெயிலில் வற்றி, போமே என்னும் அளவுகோலில் ஏறக்குறைய 25 பாகை செறிந்தபோது உப்புப் படியும். அதனை வாரிய பின்னும் பாத்தியிற் கைப்புநீர் எஞ்சும். அதில் மக்னீசியம் குளோரைடு என்னும் பிறிதொரு உப்பு மிக்கிருக்கும். கடல்நீரின் துளியோடு கலந்து கரைக்காற்றில் வருவது கறியுப்பு மட்டுமன்று, இவ்விரண்டுமாம்.

இவ்வேறுபாடு எம் பொருட்கு இன்றியமையாதது. கறியுப்புக் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு தானே நீராய்க் கசிவது, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவை எய்தும்போதேயாம். மக்னீசியம் குளோரைடோ 33 என்னும் அளவிலேயே கசியத் தொடங்கும். கடற்கரையில் ஈரப்பதம் அவ்வளவிற்குக் கீழே இறங்கும் நாள் மிக அரிது. ஆதலின் துணியிலும் நாரிலும் ஊறிய கடலுப்பு உச்சிப்பொழுதிலும் முற்ற உலராது. இரவிலோ நன்றாக நனைந்து கிடக்கும். அவ்வுவர்நீர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை துரு வளர்ந்துகொண்டே இருக்கும். எத்துணை நாள் வெயிலில் வைப்பினும் உப்புப் போகாது. ஈரம் ஒருபொழுது நீங்கி மறுபொழுது மீளும். உப்பு நீங்குவது நன்னீரிற் கரைந்தாலன்றி இல்லை.

இனி வண்டியின் வரலாறு. அது 1986-ஆம் ஆண்டில் வந்த அம்பாசடர் வகையைச் சார்ந்தது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியாகக் கொண்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதி தொடங்கி 2014 மே வரை அவ்வகையைச் செய்துவந்தனர். எம் தமையனார் அதனை வாங்கி, தாம் குத்தகைக்கு எடுத்த உப்பளங்களுக்கு நாள்தோறும் அதிலேயே சென்று வந்தார். உவர்ச்சேறு படிந்த காலோடு ஏறுவர் அவரும் அவரோடு வருவோரும்; பின்னிருக்கையின் கீழ்ச் சிலபொழுது உப்பு மூட்டையும் கிடக்கும். அவர் மறைந்தபின் வண்டி மூன்றாண்டு கொட்டகையில் நின்றது. இருக்கையின் ரெக்சின் வெடித்து நார் வெளிப்பட்டது; கதவின் உட்பலகை உப்பி வளைந்தது; மூடிய கதவைத் திறந்தால் பூஞ்சை நாற்றம் எழுந்தது.

இத்தகைய வண்டியைச் செப்பஞ் செய்ய வேண்டிய இன்றியமையாமை யாதெனின், கூறுவேன். எம் அண்ணியார்க்கு அகவை எண்பதை நெருங்குகின்றது, முழங்கால் மடங்காது. திங்கள்தோறும் புதுச்சேரிக்கு மருத்துவரிடம் செல்லவேண்டும். இக்காலத்துச் சிறிய வண்டிகளில் உடலைத் தாழ்த்திக் குனிந்து உள்ளே புகவேண்டியிருத்தலின், ஒவ்வொரு முறையும் இருவர் தாங்க அழுதுகொண்டே ஏறினார். அம்பாசடரின் இருக்கை நாற்காலி போல உயர்ந்தது. முன்னிருக்கையும் ஒரே நீண்ட பலகையாய் அமைந்தது. அதில் அவர் பக்கவாட்டில் அமர்ந்து, காலை மெல்லத் திருப்பி வைத்துக்கொள்வார். தம் கணவர் ஓட்டிய வண்டி என்னும் பற்றும் அவர்க்கு உண்டு. அப்பற்று வண்டியை வைத்திருத்தற்குப் போதிய காரணமாகாது. கால்வலி போதிய காரணமாயிற்று.

சென்னையிலிருந்து வந்த தமையனார் மகன் இதற்கு உடன்படவில்லை. “சித்தப்பா, இரும்பு அழுகிய வண்டிக்குப் புதுத்துணி போர்த்துவது பிணத்துக்குப் பட்டு உடுத்துவது போலாகும். அம்மாவை அதில் ஏற்றி நெடுஞ்சாலையில் விடுவதற்கு நான் இசையேன், பழைய இரும்புக்கு விற்றுவிடலாம்” என்றான். அவன் கூற்றில் நியாயம் இருந்தது. இவ்வகை வண்டிக்கு உடலைத் தாங்கத் தனிச் சட்டம் இல்லை. தளமும் சுவரும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு அவையே வலியைத் தாங்குகின்றன. தளம் அழுகின் வண்டியே அழுகியதாம். இருக்கையைத் தளத்தோடு பிணிக்கும் இடம் இற்றிருப்பின், மோதல் நேர்ந்தபோது இருக்கை பெயர்ந்து அமர்ந்தவரோடு முன்னே பாயும். எனவே அவனிடம் கூறினேன்: “தம்பி, முதலில் இருக்கைகளைக் கழற்றித் தளத்தைப் பார்ப்போம். பிணிக்கும் இடங்கள் நான்கும் வலுவாயிருந்தால் மேலே செய்வோம். இற்றிருந்தால் மறுநாளே நீ சொன்னபடி விற்றுவிடுவோம்.” அவனும் இசைந்தான்.

தைத் திங்கள் தொடங்கியவுடன் வேலையைத் தொடங்கினோம். மழைநீர் தொட்டியில் நிரம்பியிருத்தலும், காலையில் நிலக்காற்று வறண்டு வீசுதலும் அப்பருவத்தின் நன்மைகள். நண்பகலுக்குமேற் கடற்காற்று எழும். அதன் முன்னரே அன்றைய வேலையை முடித்துக் கொட்டகையை மூடிவிடுவோம். எமக்குத் துணையாக வந்தவர் தமையனாரிடம் உப்பு வாரும் வேலை செய்திருந்த ஒரு தொழிலாளி.

முதற்கண் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். துருப்பிடித்த திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு இரண்டு இரவு ஊறவிட்டுப் பின் சாவியிட்டுத் திருப்பினோம். ஊறுமுன் வலிந்து திருப்பின் ஆணி முறிந்து தளத்திலே தங்கிவிடும். கழற்றிய ஆணிகளை இடத்திற்கு ஒரு கொட்டாங்கச்சியாக இட்டு, எவ்விடத்தன என்று சீட்டு எழுதி வைத்தோம். மடத்தில் ஏடு பார்க்கப் பழகியோர்க்கு இவ்வழக்கம் புதிதன்று. கயிறு அறுந்த சுவடியின் ஏடுகளை எண்பார்த்து அடுக்காதவன், எழுத்து அழியாதிருந்தும் நூலை இழப்பான். இருக்கையின் பழைய உறையையும் அவ்வாறே தையல்வழிப் பிரித்து, ஒவ்வொரு துண்டிற்கும் எண்ணிட்டு, முன்புறம் இன்னது மேற்புறம் இன்னது எனச் சுண்ணக்கட்டியாற் குறித்தோம். கிழிந்த உறை பயனற்றது என எறிந்துவிடுதல் ஆகாது. புதிய உறைக்கு அதுவே மூலப்பிரதி.

இருக்கை நீங்கியபின் தளம் வெளிப்பட்டது. ரப்பர் விரிப்பின் கீழ் இட்டிருந்த சணற்கம்பளி வெயிலேறிய பொழுதிலும் ஈரமாகவே இருந்தது. அதன் அடியில் வெள்ளைப் பூப்பும், அதன்கீழ்த் தகடு தகடாய்த் துருவும் காணப்பட்டன. திருப்புளியின் முனையால் ஒவ்வோர் இடத்தையும் அழுத்திப் பார்த்தோம். ஓட்டுநர் கால்வைக்கும் இடத்தில் உள்ளங்கையளவு தகடு பொத்துக்கொண்டது. இருக்கை பிணிக்கும் நான்கிடங்களில் மூன்று கல்லெனத் திண்மையாய் நின்றன. நான்காவது மேலே உதிர்ந்தும் அடியில் உறுதியாயும் இருந்தது. தமையனார் மகனும் தன் கையால் அழுத்திப் பார்த்து, “மேலே செய்யலாம், சித்தப்பா” என்றான். அன்றே அண்ணியாரிடம் செய்தி சொல்லப்பட்டது.

அடுத்தது கழுவுதல். கிணற்றுநீரை இறைத்து ஊற்றலாம் என்று யாரோ கூற, துணைவந்த தொழிலாளி நகைத்து, “உப்பை உவர்நீராற் கழுவலாமோ, ஐயா?” என்றார். கடலோரத்துக் கிணறு பலவற்றிலும் உவர்ப்பு உண்டு. அந்நீரால் அலசின் பழைய உப்பின் இடத்திற் புதிய உப்பு வந்தமரும். நாள்முழுதும் பாத்தியில் நின்று, மாலையில் ஒரு குடம் நன்னீரால் காலைக் கழுவிக்கொள்ளும் அவர்க்கு அஃது எந்நூலும் ஓதாமலே தெளிந்த உண்மை. தொட்டியிலிருந்த மழைநீரையே பயன்படுத்தினோம். இருக்கையின் சுருள்வில்லையும், தளத்தையும், கதவின் உட்புறத்தையும் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து அலசினோம். நாரும் சணற்கம்பளியும் கழுவத் தக்கன அல்லவாதலின் அவற்றை நீக்கினோம்.

உப்பு நீங்கிற்றா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அலசி வடிந்த நீரின் சில துளிகளை ஒரு கருங்கற் பலகையில் இட்டு, அருகே தூய மழைநீரின் துளிகளையும் இட்டு உலரவிடுக. முன்னதில் வெள்ளைப் பூப்புத் தோன்றிப் பின்னதில் தோன்றாதாயின் இன்னும் அலச வேண்டும். முதல் அலசலின் துளி கோலமாவு போல வெளுத்தது. மூன்றாவதிலும் வெண்மை தெரிந்தது. ஆறாவதிலேதான் இரண்டு துளியும் ஒத்தன. பார்வைக்கு முதல் அலசலிலேயே தளம் தூய்மையாய்விட்டது என்பதை அன்பர் நினைவிற் கொள்க. கண் போதுமென்ற பின்னும் ஐந்துமுறை அலசவேண்டியிருந்தது.

நன்றாக உலர்ந்தபின் துருவைக் களைந்தோம். கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் கொண்டு, மூக்கிற்குத் துணியும் கண்ணிற்குக் கண்ணாடியும் இட்டு, உதிர்வன எல்லாம் உதிருமளவும் தேய்த்தோம். இந்நிலையில் இற்ற தகட்டை வெட்டிப் புதுத்தகடு பற்றவைக்கும் வேலையை அதற்குரிய கம்மியரிடம் ஒப்படைத்தோம். நான்காவது பிணிப்பிடத்தையும் அவரே வலுப்படுத்தினார். முன்னிருக்கைக்கு இடைவார் அமைக்கும் வேலையையும் அவரிடமே விட்டோம். புதிய வண்டிகளில் முன்னிருக்கைக்கு இடைவார் கட்டாயமானது 1994-இல். இவ்வண்டி அதற்கு முந்தியதாகலின் வார் இல்லாமலே இருந்தது. தம் கையாற் செய்தல் என்பது எல்லாவற்றையும் தாமே செய்தலன்று. உயிர்க்கு ஏதம் விளைக்கும் இடத்தில் வல்லார் கையை நாடுதலும் அதன் பகுதியேயாம்.

ஒட்டி நின்ற துருவிற்கு யாம் இட்டது கடுக்காய்க் குடிநீர். கடுக்காய்த் தோலை நைத்து, நீரிற் பாதியாகக் குறுகக் காய்ச்சி வடித்தது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு கூடிக் கருநீல நிறமுள்ள, நீரிற் கரையாத ஒரு பொருளாய் மாறும். பண்டைநாளிற் கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி எழுதுமை செய்தது இவ்வியல்பு பற்றியேயாம். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. அம்மையே தளத்தின்மேல் விளைந்தது எனலாம். பூசிய சில நாழிகையிற் செந்துரு கறுத்தது; மறுநாள் இரண்டாமுறை பூசினோம். ஆயின் இப்படலம் மெல்லியது, தானே காவலாகாது. அதன்மேற் செங்காவி முதற்பூச்சு இருமுறையும், எனாமல் வண்ணம் இருமுறையும் பூசப்பட்டன. கீழே உப்பு எஞ்சியிருப்பின் இவை அனைத்தும் ஓராண்டிற் கொப்புளமாய் எழுந்து உரியும்.

கதவின் அடியில் நீர் வடிதற்கென்றே வைத்த சிறுதுளைகள் உவர்மண்ணால் அடைபட்டிருந்தன. ஒரு கம்பியால் அவற்றைத் திறந்தோம். கண்ணாடி வழியே கதவிற்குள் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி நின்றமையே உட்பலகை உப்பியதற்குக் காரணம். பழைய பலகையை அச்சாக வைத்து மெல்லிய ஒட்டுப்பலகையில் புதியன அறுத்து, இருபுறமும் விளிம்பும் வார்னிஷ் பூசி, பின்னே நெகிழித்தாள் ஒட்டிப் பொருத்தினோம். விளிம்பைப் பூசாது விட்டால் நீர் அவ்வழியே புகும்.

இருக்கைக்குச் சுருள்வில்லின்மேற் சாக்கும், அதன்மேற் புதிய தென்னநார்ப் படுகையும், அதன்மேல் மெல்லிய நுரைமெத்தையும் அடுக்கினோம். உறைக்கு ஓரங்களில் ரெக்சினும் நடுவிற் கித்தானும் அமைத்தோம். ரெக்சின் முழுதும் இட்டால் வெயிலிற் சுடும், வியர்வையும் தங்கும். கித்தான் உப்பை ஏற்கும் எனினும் கழற்றிக் கழுவுதற்குரியது. கனத்த ரெக்சினை வீட்டுத் தையற்பொறி துளையாது. நீண்ட தையல்களைத் தையற்காரர் முடித்துத்தர, இருக்கையோடு இணைக்கும் தையல்களைக் கோணியூசியாலும் மெழுகிட்ட நூலாலும் யானும் தமையனார் மகனும் இருபுறமும் அமர்ந்து தைத்தோம். கூரைத்துணி கிழியாமையின் ஈரத்துணியால் துடைத்ததோடு நிறுத்தினோம். பூஞ்சை நாற்றத்திற்குச் சாம்பிராணி இடலாம் என்றார் சிலர். புகை நாற்றத்தை மறைக்கும். அதன் முதலை நீக்காது. ஈரம் போனவுடன் நாற்றம் தானே போயிற்று.

இவ்வேலையிடையே அடிக்கடி என் நினைவில் எழுந்த சாத்திரப் பகுதி ஒன்று உண்டு. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்தின்கண் கடலையும் நீரையும் உப்பையும் உவமையாக எடுத்தாண்டமை அன்பர் அறிவர். உப்பு நீரைச் சார்வதன்றி நீருக்கு இடமாய் நிற்கும் கடலைச் சாராது. அதுபோல அறியாமை உயிரைச் சார்வதன்றி இறைவனைச் சாராது என்பது அதன் கருத்து. இளமையில் இதனைப் பாடங்கேட்டபோது உப்பு நீரைச் சார்தல் என்பதை ஓர் எளிய செய்தியாகவே கொண்டேன். வெயிலில் உலர்ந்ததுபோற் காட்டி இரவில் மீளக் கசியும் சணற்கம்பளியைக் கையிலே பிடித்தபோது, சார்தல் என்னும் சொல்லின் வலிமை விளங்கிற்று.

எனினும் உவமையை எல்லை கடந்து ஓட்டலாகாது. செம்பிற் களிம்பு போல உயிரோடு உடன்தோன்றி நிற்பது ஆணவம், அது சகசமலம். வண்டியிற் சேர்ந்த உப்போ இடையே வந்தது. ஆகலின் இஃது ஒருபுடை உவமையே. ஒன்றில் மட்டும் ஒப்புமை நன்கு பொருந்துகின்றது. ஆணவம் அழிவதன்று, அதன் சத்தியே மடங்குவது என்பர் நம் ஆசிரியர். ஐப்பசி கார்த்திகை மழை கடந்து மார்கழியில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, ஒரு மூலையில் நகக்கண் அளவு செந்நிறம் தோன்றியிருந்தது. தமையனார் மகன் முகம் வாடினான். அதனைச் சுரண்டி, கடுக்காய்நீர் இட்டு, வண்ணம் பூச அரைநாழிகை ஆயிற்று. பாராதிருந்திருப்பின் அதுவே அடுத்த மழைக்குள் பொத்தலாகியிருக்கும். துரு ஒருமுறை வென்று முடித்த பகை அன்று. என்றும் காத்து நிற்கவேண்டிய வாயில்.

இன்று அண்ணியார் திங்கள்தோறும் அவ்வண்டியிலே புதுச்சேரி சென்று வருகின்றார்; ஏறுதற்கு ஒருவர் கை போதும். பதிவு பெற்றுப் பதினைந்தாண்டு கழிந்த வண்டியாதலின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசினரின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டுப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும், அச்சோதனையிலும் தேறியது. காலையில் நிலக்காற்று வீசும்போது கதவுகளைத் திறந்துவைத்தலும், வாரம் ஒருமுறை நன்னீர்த் துணியால் துடைத்தலும், திங்களுக்கு ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பார்த்தலும் வழக்கமாயின. மூன்றாவதைத் தமையனார் மகன் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் தானே செய்கின்றான்.

திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரம் ஏந்தித் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கினார். புல்லை மண்ணால் மூடினாரல்லர். இதனை நினைவூட்டி ஒரு வேண்டுகோளோடு முடிக்கின்றேன். கடற்கரைத் தலங்களில் திருவாகனங்களுக்கும் தேர்களுக்கும் வண்ணம் தீட்டும் திருப்பணியில் அன்பர் பலர் பெருமுயற்சியும் பொருளும் செலவிடுகின்றனர். ஆண்டு பலவாக உவர்க்காற்றில் நின்ற அவற்றின் இரும்புப் பட்டைக்கும் ஆணிக்கும் அடியிலும் இவ்வுப்பே தங்கியிருக்கும். சுவாமியைத் தாங்குவோர் தோளும், திரண்டு நிற்போர் உயிரும் அப்பட்டைகளை நம்பியுள்ளன. ஆதலின் வண்ணக்கலயத்தைத் திறக்குமுன், தக்க கம்மியரைக் கொண்டு ஒரு பட்டையைக் கழற்றி அடியைப் பார்த்து, அலசிய நீரின் துளியைக் கருங்கல்லில் உலரவிட்டுப் பார்ப்பாராக.